தண்ணீருக்கு ஆழம்தான் கணக்கு

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் ஆயா வீட்டுப் பின்கட்டில் ஒரு கிணறு. மோட்டார் போட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் கப்பியும் கயிறும் இன்னும் தொங்குகின்றன. கோடை விடுமுறையில் கரண்ட் போனால் தண்ணீர் இறைப்பது பிள்ளைகள் பாடு. அப்போது கவனித்ததுதான் இது: நிறைந்த வாளி கிணற்றுத் தண்ணீருக்குள் கிடக்கும் வரை பூ மாதிரி வரும். அடிப்பாகம் தண்ணீரை விட்டு மேலே வந்ததோ இல்லையோ, பிணக் கனம் கனக்கும். கயிறு உள்ளங்கையை அறுக்கும். அதே வாளி, அதே தண்ணீர். ஏன் இப்படி என்று கேட்டதற்கு ஆயா, "தண்ணிக்குள்ள தண்ணிக்கு என்னடா கனம்?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

பதில் தெரியாமல் தட்டிக்கழிக்கிறார்கள் என்றுதான் அன்று நினைத்தேன். கல்லூரியில் பாய்மங்களை, அதாவது திரவம், வாயு போன்று ஓடக்கூடியவற்றைப் பற்றிப் படித்தபோதுதான், பாதிப் பாடம் அந்த ஒரு வரியில் இருந்தது புரிந்தது. மீதிப் பாதியை இங்கே சொல்லிப் பார்க்கிறேன். சூத்திரம் வேண்டாம்; கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். விசையை நியூட்டனில் சொல்வதுதான் முறை. நாம் கடைத் தராசுக் கணக்கிலேயே, கிலோவில் பேசுவோம். இன்னொன்று, இங்கே சொல்வதெல்லாம் அசையாமல் நிற்கும் தண்ணீருக்குத்தான். ஓடும் தண்ணீரின் குணம் வேறு.

ஆழம் மட்டும்தான்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு விரல் நகம். அந்த நகத்தின் மேல் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூண் மாதிரி நிறுத்தினால் அதன் எடை 100 கிராம். பத்து மீட்டர் நிறுத்தினால் ஒரு கிலோ. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் எவ்வளவு கனம் அமுக்குகிறது என்பதற்குப் பெயர்தான் அழுத்தம். தண்ணீருக்குள் ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் அது 100 கிராம் கூடிக்கொண்டே போகும்.

நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றும் சும்மா இல்லை. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அமுக்குகிறது. உடம்புக்குள்ளிருந்தும் அதே அளவு எதிர்த்துத் தள்ளுவதால் நமக்கு அது உறைப்பதில்லை. கிணற்றில் உள்நீச்சல் அடித்து மூன்று மீட்டர் போனால் காது வலிக்கிறதே, அங்கேதான் இந்தச் சமநிலை கெடுகிறது. வெளியே 300 கிராம் கூடிவிட்டது. காது ஜவ்வுக்கு உள்ளே இருக்கும் காற்று மட்டும் இன்னும் கரையில் இருந்த அழுத்தத்திலேயே இருக்கிறது. ஜவ்வு உள்பக்கமாக வளைகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் வலி குறைவது, உள்ளேயும் கொஞ்சம் காற்றை ஏற்றிவிடுவதால்தான்.

நிற்கும் தண்ணீர் கீழ்நோக்கி மட்டும் அமுக்குவதில்லை. ஒரே ஆழத்தில் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் அதே அளவு தள்ளுகிறது. ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். பக்கவாட்டில்தான் பீய்ச்சும்; கீழ் ஓட்டையில்தான் வேகம் அதிகம். பாடநூல்களில் சில நேரம் கீழ் ஓட்டைத் தண்ணீர்தான் ஆகத் தூரமாகப் போய் விழுவது போலப் படம் போட்டிருப்பார்கள். பாட்டிலைத் தரையில் வைத்துச் செய்து பார்த்தால் நடு ஓட்டைத் தண்ணீர்தான் தூரமாக விழும். கீழ்த் தண்ணீருக்கு வேகம் இருந்தும் பறக்க உயரம் இல்லை. படம் வரைந்தவர் செய்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கண்மாய்க் கரையின் குறுக்குவெட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே ஒரு மாட்டுவண்டி போகும் அகலம் இருந்தால், அடியில் அதைப் போலப் பல மடங்கு அகலம் இருக்கும். கரைமண் சரியாமல் நிற்பதற்கும் அது வேண்டும்; அடியில் அதிகமாகத் தள்ளும் தண்ணீரைத் தாங்குவதற்கும் வேண்டும். இதில் யாரும் சட்டென்று நம்பாத ஒரு விஷயம் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் கண்மாயும், நாலு பக்கமும் படிக்கட்டு வைத்த சின்ன ஊருணியும் ஒரே ஆழம் என்றால், கரையின் ஒவ்வொரு அடிக்கும் அவை தரும் தள்ளு ஒன்றுதான். பின்னால் எத்தனை ஏக்கர் தண்ணீர் நிற்கிறது என்பது கணக்கில் வராது. பெரிய கண்மாயில் காற்றடித்தால் அலை பெரிதாக எழுந்து கரையை அரிக்கும். அது வேறு பிரச்சினை.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். வீட்டு ஷவரில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறதே என்று ஒரு கடையில் கேட்டால், "500 லிட்டர் தொட்டியில எப்படிங்க ஃபோர்ஸ் வரும்? 2000 லிட்டர் போடுங்க" என்றார்கள். படித்த பாடத்தை மறந்துவிட்டுப் போட்டேன். புதுத் தொட்டி அகலத்தில்தான் பெரிது, உயரம் கிட்டத்தட்ட அதேதான். ஷவரில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் கொத்தனாரைக் கூப்பிட்டுத் தொட்டிக்கு அடியில் நாலடி மேடை கட்டினேன். தொட்டித் தண்ணீருக்கும் ஷவருக்கும் இடையில் முன்பு ஒன்றரை மீட்டர் உயரம், இப்போது 2.7 மீட்டர். வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியது. பழைய தொட்டியை வைத்தே அந்த மேடையைக் கட்டியிருந்தாலும் இதே பலன்தான் கிடைத்திருக்கும்.

அந்தக் கொத்தனாருக்கு இந்த விதி கைவசம் இருந்தது. மேடைக்கு மட்டம் பார்க்க அவர் ரசமட்டத்தை எடுக்கவில்லை. ஒளி ஊடுருவும் நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்த மூலையில் பிடித்து, மறுமுனையை அந்த மூலைக்கு அனுப்பினார். டியூப் நடுவில் சுவரைச் சுற்றிப் போகட்டும், மணல் குவியலில் ஏறி இறங்கட்டும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் அந்தப் பக்கம் அழுத்தம் கூடித் தண்ணீர் மறுபக்கம் ஓடிவிடும் அல்லவா? ஒரே ஒரு எதிரி, டியூபுக்குள் மாட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழ். தண்ணீர்த் தூணின் நடுவில் குமிழ் நின்றால் அந்த இடத்துக்கு மட்டும் கனம் இல்லை. மட்டம் பொய் சொல்லும். அதனால்தான் அவர் அளப்பதற்கு முன் டியூபை விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழை வெளியேற்றினார். முகப்பிலிருந்து வளவு (நடுமுற்றம்), இரண்டாம் கட்டு என்று ஒரே நேர்கோட்டில் தெருவுக்குத் தெரு நீளும் வீடுகளைக் கட்டிய ஊர்க்காரர்களுக்கு மட்டம் பிடிப்பது சின்ன வேலை இல்லை.

அடைத்து வைத்த திரவத்தை ஓர் இடத்தில் அமுக்கினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லா இடத்துக்கும் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பிளேஸ் பாஸ்கல் சொன்னார். சர்வீஸ் ஸ்டேஷனில் காரைத் தூக்கும் லிஃப்ட் இதை வைத்துத்தான் இயங்குகிறது: சின்ன பிஸ்டனில் கொஞ்சம் அமுக்கினால், நூறு மடங்கு பரப்புள்ள பெரிய பிஸ்டனில் நூறு மடங்கு தள்ளு. சும்மா கிடைப்பதில்லை, பெரியது ஒரு சென்டிமீட்டர் உயர, சின்னது ஒரு மீட்டர் இறங்க வேண்டும். இதை இத்தோடு விடுகிறேன். வாளி காத்திருக்கிறது.

கிணற்றுக்குள் ஒரு பெட்டி

பத்து சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு பெட்டியைக் கிணற்றுக்குள் அமுக்குவோம். மேல்முகம் தண்ணீர் மட்டத்திலிருந்து 20 சென்டிமீட்டர் கீழே, அடிமுகம் 30 சென்டிமீட்டர் கீழே. முகத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். மேல்முகத்தில் தண்ணீர் கீழ்நோக்கித் தள்ளுவது: சதுர சென்டிமீட்டருக்கு 20 கிராம், மொத்தம் 2 கிலோ. அடிமுகத்தில் மேல்நோக்கித் தள்ளுவது: 30 கிராம் வீதம் 3 கிலோ. பக்கங்களில் இருக்கும் தள்ளு எதிரும் புதிருமாகக் கழிந்துபோகும். மிச்சம் என்ன? மேல்நோக்கி ஒரு கிலோ.

பெட்டியின் கொள்ளளவு ஒரு லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரின் எடையும் ஒரு கிலோ. இது தற்செயல் இல்லை. பெட்டியை ஐந்து மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டு முகத்திலும் அழுத்தம் எகிறும், ஆனால் வித்தியாசம் அதே ஒரு கிலோதான். பொருள் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டதோ, அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய தண்ணீரின் எடைக்குச் சமமாகத் தண்ணீர் அதை மேலே தாங்குகிறது. இதுதான் ஆர்க்கிமிடீஸ் தத்துவம். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் என்ற ஒரே விதியிலிருந்து தானாக வந்து விழுகிறது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நாம் கேட்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள். ஈயம் இருந்தாலும் காற்று இருந்தாலும் தாங்கல் ஒரு கிலோதான்.

இப்போது வாளி. இரும்பு வாளி ஒன்றரைக் கிலோ, உள்ளே 12 லிட்டர் தண்ணீர். கிணற்றுக்குள் இருக்கும்போது அந்த 12 கிலோவைச் சுற்றியுள்ள தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. தண்ணீருக்குள் தண்ணீருக்கு என்ன கனம்! இரும்பு தண்ணீரைப் போல ஏறத்தாழ 7.8 மடங்கு அடர்த்தி. ஆகவே வாளியின் எடையிலும் எட்டில் ஒரு பங்கு போல 190 கிராம் குறையும். கையில் விழுவது 1.3 கிலோ மட்டும். வெளியே வந்ததும் தாங்கல் போய்விட்டது, 13.5 கிலோ. பத்து மடங்கு. உள்ளங்கை அறுபடாமல் என்ன செய்யும்? ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: தண்ணீருக்குள் போனதால் எதன் எடையும் குறைந்துவிடவில்லை. நாம் சுமக்கும் பங்குதான் குறைகிறது.

ஆர்க்கிமிடீஸ் கிரீடத்தைச் சோதித்த கதை எல்லோருக்கும் தெரியும். தொட்டியிலிருந்து எழுந்து தெருவில் ஓடினார் என்பது ரோமானியக் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ் ஏறத்தாழ இருநூறு வருஷம் கழித்து எழுதியது. மிதக்கும் பொருள்கள் பற்றி ஆர்க்கிமிடீஸே எழுதிய நூலில் கிரீடமும் இல்லை, ஓட்டமும் இல்லை. கதையில் வருவதுபோல் வழியும் தண்ணீரை அளந்து கண்டுபிடிப்பது எனக்குச் சந்தேகம்தான். ஒரு கிலோ கிரீடத்தில் 300 கிராம் வெள்ளி கலந்திருந்தாலும் கூடுதலாக வழிவது 13 மில்லிதான். ஒரு மருந்து மூடி அளவு. அதைவிடத் தராசு நல்லது. 100 கிராம் 22 காரட் தங்கத்தை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தால் ஏறத்தாழ 5.6 கிராம் குறைவாகக் காட்டும். முலாம் பூசிய செம்பு என்றால் 11 கிராமுக்கு மேல் குறையும். வீட்டில் கழுத்துருவை (எங்கள் பக்கத்துக் கல்யாணத் தாலி மாலை) எடுத்து முக்கிப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள்: நகைக்குள் காற்றோ அரக்கோ கல்லோ இருந்தால் கணக்குத் தப்பும். டங்ஸ்டன் என்றொரு உலோகத்துக்கு அடர்த்தி கிட்டத்தட்டச் சுத்தத் தங்கத்துடையதேதான்; அது இந்தச் சோதனையில் மாட்டாது.

மிதந்து வந்த தூண்கள்

தாங்கல் பொருளின் எடையைவிட அதிகமானால் பொருள் மேலே ஏறும். மட்டத்துக்கு வந்து, தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும் அளவுக்கு மட்டும் அமிழ்ந்து நிற்கும். மிதப்பது என்றால் இதுதான். கனமானது முங்கும், லேசானது மிதக்கும் என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. அரைக் கிராம் குண்டூசி முங்குகிறது, ஒரு டன் மரம் மிதக்கிறது. எடையை அது பிடிக்கும் இடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுதான் அடர்த்தி.

செட்டிநாட்டு வீட்டு முகப்புத் தூணைப் பார்த்து, பர்மாத் தேக்கு என்று பெருமையாகச் சொல்வோம். தேக்கு மரம் மிதக்குமா? கேள்வி சுலபமாகத் தெரியும். பச்சைத் தேக்கை வெட்டி ஆற்றில் போட்டால் பெரும்பாலும் முங்கிவிடும். உள்ளே அவ்வளவு ஈரம். பர்மாக் காடுகளிலிருந்து கட்டைகளை வெளியே கொண்டுவர ஆறுதான் பாதை. மிதக்காத கட்டையை ஆற்றில் எப்படி அனுப்புவது? அதற்கு அங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். வெட்டப் போகும் மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் அதற்குள் இருக்கும் மென்மையான வெளிறையும், கெட்டியான நடுமரமான வைரம் தெரியும் வரை வளையமாகக் கொத்தி எடுத்துவிடுவார்கள். வேரிலிருந்து தண்ணீர் ஏறும் வழி அடைபடும். மரம் நின்றபடியே சாகும், நின்றபடியே காயும். இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் வெட்டுவார்கள். அதற்குள் ஈரம் போய் அடர்த்தி தண்ணீரைவிடக் கீழே வந்திருக்கும். யானைகள் ஓடைக்கரை வரை இழுத்துப் போட, மழைக்காலத்து வெள்ளம் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகும். பெரிய ஆற்றில் தெப்பமாகக் கட்டி ஐராவதி வழியே ரங்கூன் வரை மிதக்கவிடுவார்கள்.

நன்றாகக் காய்ந்த தேக்கின் அடர்த்தி தண்ணீரில் ஏறத்தாழ 65 விழுக்காடு. அப்படியானால் மிதக்கும்போது அதன் உடம்பில் 65 விழுக்காடு தண்ணீருக்குள்ளும் மிச்சம் வெளியேயும் இருக்கும். பனிக்கட்டிக்கு இது 92. ரோஸ் மில்க் தம்ளரில் பார்த்தால் தெரியும். ஈரம் கொஞ்சம் மிஞ்சிய தேக்குக் கட்டை ஆற்றில் முதுகு மட்டும் தெரிய, எருமை மாதிரி மிதந்திருக்கும்.

அந்தக் காலத்தில் ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போனவர்கள் ஏறிய இரும்புக் கப்பல் மிதப்பதும் இதே கணக்கில்தான். இரும்பு முங்கும், இரும்பால் செய்த பெரிய கிண்ணம், உள்ளே காற்றோடு சேர்த்துப் பார்த்தால், தண்ணீரைவிட அடர்த்தி குறைவு. கிண்ணத்தில் ஓட்டை விழாதவரை. கடல் தண்ணீர் உப்பால் கொஞ்சம் கெட்டி, லிட்டருக்கு 1,025 கிராம். ஆற்றுத் தண்ணீரில் கப்பல் அதிகமாக அமிழும், கடலுக்கு வந்ததும் சற்று எழும். எட்டு மீட்டர் அமிழ்ந்த பெட்டி வடிவக் கப்பல் என்றால் வித்தியாசம் 20 சென்டிமீட்டர் வரும். கப்பலின் பக்கத்தில் நன்னீருக்கு ஒரு கோடு, கடல்நீருக்கு ஒரு கோடு என்று தனித்தனியாகப் போட்டிருப்பது இதற்காகத்தான். அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய கப்பல்கள் மூழ்குவதைப் பார்த்துப் போராடிய சாமுவேல் பிளிம்சாலின் முயற்சியால் 1876இல் பிரிட்டனில் இவ்வளவுதான் அமிழலாம் என்று காட்டும் கோடு சட்டமானது. அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

தெப்பக் கணக்கு

நம் பக்கத்தில் தெப்பம் என்றால் திருக்கோஷ்டியூர் மாசித் தெப்பம்தான் நினைவுக்கு வரும். பல ஊர்க் கோயில்களில் இப்போது தெப்பத்துக்கு அடியில் காலி டிரம்களைக் கட்டுகிறார்கள். அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 லிட்டர் இரும்பு டிரம், வெறும் எடை 20 கிலோ. முழுதாக முங்கினால் 200 கிலோ தாங்கும். ஆனால் முழுதாக முங்கவிட்டால் பலகை மேல் தண்ணீர் ஏறும். பாதிதான் முங்கலாம் என்று வைப்போம். 20 டிரம்மின் பாதித் தாங்கல் 2,000 கிலோ. டிரம்களின் சொந்த எடை 400 போக 1,600. பலகை, மண்டபம், சுவாமி எல்லாம் சேர்த்து 700 என்றால் மிச்சம் 900 கிலோ. 60 கிலோ ஆட்கள் பதினைந்து பேர்.

பதினைந்து பேரும் தீபாராதனை பார்க்க ஒரே பக்கம் சாய்ந்தால் இந்தக் கணக்குக் காப்பாற்றாது. சாய்ந்த பக்கத்து டிரம்கள் அதிகம் முங்கி அதிகம் தாங்கும். அந்தத் தாங்கல்தான் தெப்பத்தை நிமிர்த்துகிறது. தெப்பம் அகலமாக இருந்தால் நிமிர்த்தும் பலமும் அதிகம். உயரமான மண்டபத்தைக் குறுகலான அடியில் கட்டினால், நிமிர்த்துவதற்கு முன் மேல்கனம் கவிழ்த்துவிடும். ஆகவே அகலம் முதலில், அலங்காரம் அப்புறம்.

இன்வெர்ட்டர் பேட்டரி பார்க்க வருபவர் கண்ணாடிக் குழாயில் ஆசிடை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் ஒரு சின்ன மிதவையைப் பார்த்துவிட்டு "சார்ஜ் இருக்கு" என்கிறாரே, அதுவும் இதுதான். முழு சார்ஜில் ஆசிடின் அடர்த்தி, பேட்டரியைப் பொறுத்து, தண்ணீரைப் போல 1.24 முதல் 1.28 மடங்கு வரை. மிதவை உயர்ந்து நிற்கும். சார்ஜ் இறங்க இறங்க ஆசிட் நீர்த்துப்போய் மிதவை தாழும். மின்வேதியியலுக்கென்றே 1953 முதல் ஒரு மத்திய ஆய்வகம் காரைக்குடியில் இருந்தும், எங்கள் வீட்டுப் பேட்டரியின் நிலவரத்தைச் சொல்வது இந்த மிதவைதான்.

கடைசியாக அடுப்படி. வெள்ளைப் பணியாரத்துக்கு ஆயா ஆழாக்குப் பச்சரிசியின் மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து அளப்பார்கள். மாவைக் கரண்டியால் எண்ணெயில் விட்டால் முதலில் அடிக்குப் போகும். இரண்டு மூச்சு விடுவதற்குள் எழும்பி மேலே வரும். உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி மாவை உப்ப வைக்கிறது. எடை கூடாமல் இடம் மட்டும் கூடுகிறது. எண்ணெயே தண்ணீரைவிட லேசு, லிட்டருக்கு 920 கிராம் போல. பலகாரம் சுடும் சூட்டில் அது விரிந்து 820க்குப் பக்கம் வந்துவிடும். அதில் மிதக்க வேண்டுமென்றால் பணியாரம் அதைவிட லேசாக வேண்டும்.

உளுந்து வடை நாளில் ஆயா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கிரைண்டரிலிருந்து ஒரு சிட்டிகை மாவை எடுத்து அதில் போடுவார்கள். நன்றாக அரைபட்ட மாவுக்குள் காற்று சேர்ந்திருக்கும், மிதக்கும். ஒருநாள் அப்படி மிதந்த மாவை எண்ணெயில் போட்டதும் அது அடிக்குப் போனதைப் பார்த்து, "மிதந்துச்சே ஆயா?" என்றேன். "அது தண்ணியில" என்றார்கள். 1,000 கிராமில் மிதப்பது 820 கிராமில் மிதக்க வேண்டியதில்லை. நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் வடை மேலே வந்து, அவர்கள் திருப்பியும் போட்டுவிட்டார்கள்.